இடது கையால் வரைந்த அத்தியாயம்

ஒரு வாரம் இதழைப் பிரித்த ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அதிர்ச்சி. கோடுகள் நடுங்குகின்றன, முகங்கள் கோணிக் கிடக்கின்றன. வலது கையில் அடிபட்டதால் இடது கையால் வரைந்தேன் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார் படக்கதை ஓவியர் ஃபுஜியோ அகாட்சுகா. இன்னொரு முறை, பாத்திரங்களை நிஜ அளவில் வரைகிறேன் என்று சொல்லி இரண்டு பக்கத்தையும் ஒரே முகத்தால் அடைத்தார். 1967-இல் தொடங்கிய 'டென்சாய் பக்காபோன்' தொடரில்தான் இத்தனையும்.

இதை வெறும் கிறுக்குத்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை என்றதும் அதன் முன்னோடி தெஸுகா ஒசாமுவைச் சொல்கிறோம். சரி, சொல்ல வேண்டியவர்தான். ஆனால் கட்டம் எதற்கு, பக்கம் எதற்கு, வாசகன் எதை நம்பிக் காசு கொடுக்கிறான் என்றெல்லாம் இவ்வளவு சிரிக்கவைத்துக் கேட்ட ஒருவரை ஏன் இரண்டாம் வரிசையில் உட்கார வைக்கிறோம்?

அகாட்சுகா 1935-இல், அப்போது ஜப்பான் வசமிருந்த சீனப் பகுதியான மஞ்சூரியாவில் பிறந்தவர். போர் முடிந்ததும் அப்பாவை சோவியத் படையினர் சைபீரியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா பிள்ளைகளோடு ஜப்பான் வந்து சேர்ந்தார். வந்ததும் கைக்குழந்தையான தங்கை இறந்துபோனாள்.

பிறகு டோக்கியோவில் ரசாயனத் தொழிற்சாலை வேலை, அப்புறம் இளம் ஓவியர்கள் கூடி வாழ்ந்த டோக்கிவா-சோ விடுதி. சிறுமிகளுக்கான கதைகள் வரைந்தார், எடுபடவில்லை. வரைவதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்று மூத்தவரான டெராடா ஹிரோவிடம் போய் நின்றார். டெராடா 50,000 யென் எடுத்துக் கொடுத்து, இது தீர்ந்த பிறகு போ என்றார். அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நெகிழ்கிறது. 1958-இல் ஓர் இதழில் திடீரென்று பக்கம் காலியாக, அவசரத்துக்கு நகைச்சுவை வரையச் சொன்னார்கள். அதிலிருந்துதான் ஆள் மாறினார்.

1962-இல் அச்சு அசலாக ஒரே முகம் கொண்ட ஆறு சகோதரர்களின் கதையான 'ஒசோமாட்சு-குன்' வந்தது. அதில் இயாமி என்ற பாத்திரம் கை காலை மடக்கி 'ஷே!' என்று கத்துவதை நாடே செய்து பார்த்தது. 1965-இல் வந்த படத்தில் காட்ஸில்லாவும் செய்தது.

'டென்சாய் பக்காபோன்' தொடரில் பக்காபோனின் அப்பா எதைக் கெடுத்து வைத்தாலும் கடைசியில் 'கொரே தே ஈ நோ தா' என்பார், ஏறக்குறைய 'இது சரிதான்' என்று பொருள். மஞ்சூரியாவில் எல்லாவற்றையும் இழந்த பையன் அகாட்சுகாதான் அதைச் சொல்கிறான் என்று நான் நம்புகிறேன்.

அப்போது யாருக்கும் தெரியாத டமோரி என்ற நகைச்சுவைக் கலைஞனைக் கண்டெடுத்து, தன் வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் பணியிடத்தில் படுத்தவர் அகாட்சுகா. 2008 ஆகஸ்டில், 72 வயதில் அவர் இறந்தபோது டமோரி தாளை விரித்து அஞ்சலி வாசித்தார். நானும் உங்கள் படைப்புகளில் ஒன்று என்று முடித்தார். கையிலிருந்த தாளில் ஓர் எழுத்தும் இல்லை.

பக்காபோன் அப்பாவின் அந்த ஜப்பானிய வாக்கியத்தைத் தமிழாக்கப் பல நாளாக முயல்கிறேன். 'இப்படியே இருக்கட்டும்' என்றால் சலிப்பு தட்டுகிறது. 'இது சரிதான்' பக்கத்தில் வருகிறது, ஆனால் அந்த அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் தெம்பு அதில் இல்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.