கீரைக்கார அம்மா எங்கே உட்கார்வார்?

நடைபாதைக் கடைகளை எடுத்துவிட்டுத் தனி விற்பனை மண்டலம் ஒதுக்கினால் நெரிசல் தீரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, எங்கே ஒதுக்குவார்கள்? சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக்குப் பொன்னேரிப் பக்கமிருந்து ஒரு அம்மா கீரை கொண்டுவருவார். ஈரச் சாக்கை விரித்து அரைக்கீரை, சிறுகீரை, கொஞ்சம் முருங்கைக்கீரை. எட்டரைக்குள் சாக்கு காலி. அவரை ஆள் நடமாட்டமே இல்லாத மைதானத்து ஓரம் உட்காரச் சொன்னால் யார் போய் வாங்குவது?

2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, விற்பனை இடங்களை முடிவுசெய்வதில் பங்குள்ள நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் குறிக்கும்போது அந்த வியாபாரிகளைக் கேட்டார்களா? அப்புறம், அந்த அம்மாவின் சாக்கு மூன்றடிதான். பக்கத்தில் வரிசையாக நிற்கும் பைக்குகளைக் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை.