பட்டனையும் காணோம், எரரையும் காணோம்

பைதானில் வெப்பக்கம் வார்க்கும் டெம்ப்ளேட் மொழியான ஜின்ஜாவில் மேக்ரோ (ஒருமுறை எழுதிவைத்து வேண்டிய இடத்தில் கூப்பிடும் துண்டு) எழுதியவர்கள் எல்லாம் ஒருமுறை வாய்விட்டு அழுதுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

ஃப்ளாஸ்க் என்ற பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு ப்ராஜெக்ட். அட்மின் கண்ணுக்கு மட்டும் தெரியவேண்டிய ஒரு டெலீட் பட்டன். 'கரன்ட் யூசர் இருந்து, அவர் அட்மினாகவும் இருந்தால் காட்டு' என்று ஒரு இஃப். அவ்வளவுதான் சமாச்சாரம். பக்கத்துக்குள்ளேயே மேக்ரோவாக இருந்தவரை ஜம்மென்று ஓடியது. எல்லாப் பக்கத்துக்கும் வேண்டுமே என்று தனி ஃபைலுக்கு மாற்றி இம்போர்ட் செய்தேன். பட்டன் போயே போச்சு.

எரர்? அதெல்லாம் கேட்கக்கூடாது. கேஷைக் காலி செய்தேன். சர்வரை நிறுத்தி ஏற்றினேன். வேறு பிரவுசரில் திறந்தேன். டேட்டாபேஸுக்குள் போய் நான் இன்னும் அட்மின்தானா என்று பார்த்தேன், அட்மின்தான். பைதான் பக்கம் பிரின்ட் போட்டால் என் பெயர் பளிச்சென்று வருகிறது. வியூ சோர்ஸைத் திறந்தால், பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் வெற்று வரிகள். மேக்ரோ வந்து, வரி விட்டு, போயிருக்கிறது. மரியாதை தெரிந்த மேக்ரோ!

விஷயம் என்னவென்றால், வேறு ஃபைலை இன்க்ளூட் செய்தால் கான்டெக்ஸ்ட், அதாவது கரன்ட் யூசர் மாதிரி பக்கத்துக்குக் கொடுத்த வேரியபிள்கள், கூடவே வருமாம், இம்போர்ட் செய்தால் வராதாம். இம்போர்ட் செய்ததை கேஷ் பண்ணி வைப்பதால் அப்படியாம். 'வித் கான்டெக்ஸ்ட்' என்று கடைசியில் இரண்டு வார்த்தை சேர்க்கவேண்டுமாம். சரி, சேர்க்கிறேன். ஆனால் இல்லாத வேரியபிளைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லக்கூட வாய் வராதா? இஃப்பில் கேட்டால் ஃபால்ஸ், டெம்ப்ளேட்டில் பிரின்ட் செய்தால் வெற்றிடம். இதுதான் டிஃபால்ட். வாயைத் திறக்கவைக்க ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைண்ட் என்ற செட்டிங்கை நாமே தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்ளவேண்டும். புண்ணியவான்களே, இதை முதலிலேயே போட்டுத் தந்தால் குறைந்தா போவீர்கள்?

பட்டன் வந்தது. கொஞ்சம் சிவப்பாக்கலாமே என்று மேக்ரோவைக் கூப்பிடும் இடத்தில் ஒரு சிஎஸ்எஸ் கிளாஸ் சேர்த்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வரியை எச்டிஎம்எல் கமென்டுக்குள் போட்டு மூடினேன். பக்கம் மொத்தமும் விழுந்தது. 'இந்த மேக்ரோ கிளாஸ் என்ற ஆர்க்யுமென்டை வாங்காது' என்று டைப் எரர். அந்தக் கமென்ட் பிரவுசருக்குத்தானாம், ஜின்ஜா அதற்குள்ளும் நுழைந்து வேலை பார்க்குமாம். மேக்ரோவுக்குள் எங்காவது 'கேடபிள்யுஆர்க்ஸ்' (பெயர் சொல்லி வரும் உபரி ஆர்க்யுமென்ட்கள்) என்று ஒரு தடவை உச்சரித்துவிட்டால் வாங்கிக்கொள்ளுமாம், மந்திரம்!

தவிக்கும்போது வாயே திறக்கவில்லை. மூடி வைத்த வரிக்குள்ளிருந்து கத்துகிறது. சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய.