ஓஇடி டாக்டர்களுக்கும் செல்லும்

பிரிட்டனில் டாக்டராகப் பதிவு செய்யத் தேவையான ஆங்கிலத் தேர்வுகளில் ஐஇஎல்டிஎஸ் மட்டுமே செல்லும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி நர்ஸ்களுக்கானது என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. இதை நம்பி யாரும் பணத்தை வீணாக்கிவிடக் கூடாது. அங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 2018 முதல் ஓஇடியையும் ஏற்கிறது. ஆனால் டாக்டர்களுக்கான மருத்துவப் பிரிவுத் தேர்வாக இருக்க வேண்டும்; கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளிலும் ஒரே அமர்வில் குறைந்தது 'பி' தேவை.

ஐஇஎல்டிஎஸ் என்றால் அகாடமிக் வகைதான். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: நான்கிலும் 7 வாங்கினாலும் போதாது, மொத்தம் 7.5 வர வேண்டும். ஓஇடிக்குக் கட்டணம் அதிகம். என்றாலும் கட்டுரையைவிட நோயாளிக்கான பரிந்துரைக் கடிதம் எழுதுவது எளிதாக வருபவர்களுக்கு நான் ஓஇடியையே சொல்வேன். இரண்டுக்கும் பொதுவாக 2 ஆண்டுதான் ஆயுள். அதனால் பிளாப் (வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிரிட்டன் தகுதித் தேர்வு) தேதிகளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத் தேர்வை எழுதுங்கள்.