பெரிய பான்டூனா, சின்ன பான்டூனா? நீளத்தைக் கடைசியாகப் பாருங்கள்

கோடை வந்தாலே அமெரிக்காவில் ஏரிப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கேட்பது இதுதான்: 18 அடி பான்டூன் (குழாய்கள்மேல் தட்டையான தளம் போட்ட படகு) போதுமா, 24 அடி எடுத்துவிடலாமா? கடைக்காரர் இருக்கைகளை எண்ணிக் காட்டுவார். அதை நம்பி வாங்காதீர்கள். ஆளைத் தாங்குவது மெத்தை இல்லை, தளத்துக்கு அடியில் இருக்கும் அலுமினியக் குழாய்கள்.

1952-இல் மினசோட்டா விவசாயி அம்ப்ரோஸ் வீரஸ் இரும்புப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து மேலே பலகை போட்டாரே, அன்றிலிருந்து தத்துவம் மாறவில்லை. அதனால் கணக்கு எளிது. 23 அங்குல விட்டமுள்ள குழாய் முழுதாக மூழ்கினால் ஓர் அடிக்குச் சுமார் 180 பவுண்டு தாங்கும். 18 அடிப் படகில் முனைக் கூம்பைக் கழித்து 17 அடி என்று வையுங்கள். இரண்டு குழாய்க்கும் சேர்த்து 6,120. நிற்கும்போது குழாய் பாதிக்கு மேல் மூழ்காமல் இருந்தால்தான் படகு நன்றாக ஓடும். ஆக 3,060. அதில் படகு 1,700, 60 குதிரைத்திறன் என்ஜின் 250, பெட்ரோல் 120 போனால் மிச்சம் 990. தலைக்கு 170 என்றால் ஐந்து பேர், ஓர் ஐஸ் பெட்டி. எத்தனை பேர், எவ்வளவு எடை என்று படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் இதைவிட அதிகம் எழுதியிருக்கலாம். அது உச்ச வரம்பு, சுகமாக ஓடும் அளவு அல்ல.

இப்போது 22 அடிக்கு வாருங்கள். அதே 23 அங்குலக் குழாய் என்றால், பாதி மூழ்கித் தாங்குவது 3,780. அதில் படகு 2,200, 115 குதிரைத்திறன் என்ஜின் 370, பெட்ரோல் 180 போக மிச்சம் சுமார் 1,030. ஆறு பேர்! நான்கு அடி நீளத்துக்குப் பணம் கொடுத்து ஒரே ஒரு ஆளைக் கூட்டியிருக்கிறீர்கள். குழாயை 25 அங்குலமாக்கினால் அதே நீளத்தில் பத்துப் பேர். கையில் கூடுதல் பணம் இருந்தால் முதலில் குழாயின் விட்டத்தில் போடுங்கள், அடுத்து மூன்றாவது குழாயில், பிறகு என்ஜினில். நீளம் கடைசி.

மிசௌரியின் லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் போல வார இறுதியில் பெரிய படகுகள் அலை கிளப்பும் இடத்தில் மூன்று குழாய் ஆடம்பரம் இல்லை, அவசியம். இரண்டு குழாய்ப் படகில் முன்பக்கம் ஆட்கள் கூடி நிற்கும்போது ஓட்டுபவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தால் மூக்கு தாழும், எதிர்அலை முன்கதவு வழியாகத் தளத்தில் ஏறும். ஆட்களைப் பின்னால் உட்காரவைத்து, அலையைச் சாய்வாக வாங்கி, கொஞ்சம் விசை வைத்தே கடக்க வேண்டும். கம்பி வேலிக்கு வெளியே யாரும் கால் தொங்கப் போட்டு உட்காரக் கூடாது. விழுந்தால் புரொபெல்லர் அவர்மேல்தான் போகும்.

சின்ன, அமைதியான ஏரியில் பெரிய படகுக்குக் காற்றுதான் தொல்லை. பான்டூன் தண்ணீரில் ஆழமாக இறங்காது. பக்க வேலியும் கூரைத்துணியும் பாய்போலக் காற்றைப் பிடிக்கும். துறைக்கு வருமுன் கூரையை மடக்கி, முடிந்தவரை காற்றுக்கு எதிராக மெதுவாக நெருங்குங்கள். 18 அடியை ஒருவர் கையால் இழுத்து நிறுத்திவிடலாம். 24 அடிக்கு இரண்டு பேர் வேண்டும்.

இழுத்துப் போவதாக இருந்தால் வண்டியை இப்போதே பாருங்கள். 24 அடி மூன்று குழாய்ப் படகு 3,000, என்ஜின் 500, டிரெய்லர் 1,500, பெட்ரோல் 250: மொத்தம் 5,250 பவுண்டு. ஹோண்டா பைலட் ஆல்-வீல் டிரைவ் காரின் இழுவை வரம்பே 5,000தான். அகலம் எட்டரை அடியைத் தாண்டினால் சாலையில் தனி அனுமதியும் வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம், விலையைக் குறைத்துக்காட்ட நீளமான படகில் சின்ன என்ஜின் மாட்டி விற்பது. வழக்கமாக வரும் அத்தனை பேரையும் ஏற்றி, முழு விசையில் ஓட்டிப் பாருங்கள். பல 115 குதிரைத்திறன் என்ஜின்கள் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று வரை போக வேண்டும். 4,600-லேயே நின்றால் பிட்ச் (ஒரு சுற்றில் புரொபெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) 2 அங்குலம் குறைந்த புரொபெல்லரை மாட்டச் சொல்லுங்கள். 300, 400 சுற்று ஏறும். அப்போதும் 5,000-ஐ எட்டவில்லை என்றால் அந்தப் படகுக்கு அந்த என்ஜின் போதாது.