அது அழுகிய புழு அல்ல

சனிக்கிழமை இங்கிலாந்தின் லீ-ஆன்-சீ கடற்கரையில் எடுத்த அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடியும் பகிர்ந்து அதற்கு ஆள் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. தேம்ஸ் கழிமுகத்தில் நீர் வற்றிய நேரத்தில் ஒரு குழந்தை ஆசையாகத் தோண்டியெடுத்த புழுவை, "சாக்கடைப் புழு, அழுகிப் பச்சையாகிவிட்டது" என்று சொல்லி, காகிதத்தில் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். திருத்தம் எழுதிய எனக்குக் கிடைத்த பட்டம் 'புழு வக்கீல்'. நல்லது, வக்காலத்தைத் தாக்கல் செய்துவிடுகிறேன்.

அது அழுகவில்லை. ஹெடிஸ்டே டைவர்சிகலர் எனப்படும் அந்த ராக்வோர்ம், வடமேற்கு ஐரோப்பாவின் கழிமுகங்களில் வெகு சாதாரணமாகக் கிடைக்கும் கடற்புழு. 1776இல் முல்லர் அதற்குப் பெயரிட்டபோதே 'பல நிறத்தது' என்ற பொருள்படத்தான் வைத்தார். பெரும்பாலும் செம்பழுப்பாக, முதுகின் நடுவே இரத்தக்குழாய் சிவப்புக் கோடாகத் தெரிய இருக்கும். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் பளிச்சென்ற பச்சைக்கு மாறிவிடும். மாப்பிள்ளைக் கோலத்தைப் பார்த்துப் பிணம் என்றிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"சேறு நாறுகிறதே" என்கிறார் ஒருவர். நாற்றம் காற்றுப் புகாத சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் வெளியிடும் வாயுவினுடையது. புழுவோ உடலை நெளித்து நெளித்துத் தன் வளைக்குள் உயிர்வாயு கலந்த நீரை இறைக்கிறது. கறுத்த சேற்றை வெட்டிப் பார்த்தால் வளையைச் சுற்றி மட்டும் வெளிர்பழுப்பாக ஒரு வளையம் தெரியும். மாணவனாக இருந்தபோது, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே சேற்றை நிரப்பி ஓர் இரவு முழுக்க ஒரு புழுவின் முன் உட்கார்ந்திருந்தேன். வளையின் வாயில் கோழையால் வலை பின்னியது, பின்வாங்கி நீரை இழுத்தது, நுண்பாசிகள் சிக்கியதும் வலையையே உருட்டி விழுங்கியது. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "இதற்கா அவ்வளவு தூரம் போனாய்?" என்றார். காணொளிக்குக் கீழே அதே கேள்வியை முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா கேட்டபோது வலித்த அளவுக்கு வலிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

"மாசுபட்ட இடத்திலும் வாழ்கிறதே, பிறகு சாக்கடைப் புழு இல்லாமல் என்ன?" என்பதற்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. கார்ன்வாலின் ரெஸ்ட்ராங்கெட் ஓடையில், பழைய சுரங்கங்களின் செம்பு படிந்த சேற்றிலும் அது பிழைத்திருக்கிறது. பிழைத்துக் கிடப்பதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டால், வாடகைக்கு ஈரச்சுவர் அறையில் இருந்த நம்மில் பாதிப் பேருக்கும் ஒரு பட்டம் தரவேண்டியிருக்கும்.

தூண்டில்காரர்கள் இரைக்காக இதைத் தோண்டுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவர்களுக்காவது அதன் அருமை தெரியும். கோடியக்கரை வரை வலசை வரும் கர்லூ பறவைக்கும் தெரியும். ஸ்பார்ட்டினா புல்லின் கடினமான விதையை வளைக்குள் இழுத்து வைத்து, முளைத்தபின் தின்னும் புழு இது என்று 2016இல் ஓர் ஆய்வே வெளிவந்தது. நம்மவர்களுக்கு அது 'சீ' என்ற ஒரே எழுத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புழு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இனப்பெருக்கம் செய்யும்; அதன் பிறகு ஆணும் சாகும், வளைக்குள் முட்டைகளைக் காத்துக் கிடக்கும் பெண்ணும் சாகும். அந்த ஆண் பச்சையாகிவிட்டிருந்தது. அதற்கு மிச்சமிருந்த சில நாட்கள் கடற்கரைக் குப்பைத்தொட்டியில், ஒரு காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் போயின.