கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்: இது எந்த வேதத்தில் இருக்கிறது?

புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டச் சொல்வது நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். கன்னியக்கோயில் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டில், நாலு எட்டு தள்ளி கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வழக்காகிவிடும். ஒரே மண், ஒரே பேச்சு, சட்டம் மட்டும் வேறு.

தன்பாலீர்ப்பு என்றதும் "நம்ம கலாச்சாரம் இதை ஏத்துக்காது" என்று ஆரம்பிக்கிறவர்கள் இந்த எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் வெள்ளைக்காரர்கள் இயற்றி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆவது பிரிவில், 'இயற்கைக்கு மாறான' உறவென்று சொல்லி, தன்பாலின உறவுக்கு ஆயுள் தண்டனை வரை போட முடிந்தது. கடலூர் அவர்கள் கையில் இருந்ததால் இங்கே அது சட்டம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில். பிரான்ஸ் 1791லேயே இந்தக் குற்றத்தைத் தன் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. 1810இல் நெப்போலியன் கொண்டுவந்த தொகுப்பிலும் திரும்பச் சேர்க்கவில்லை. 1963இல் மத்தியச் சட்டங்களைக் கட்டுக்கட்டாகப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோதுதான் 377 முள்ளோடையைத் தாண்டியது. ஆக, நூறு வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குற்றமாக இருந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குற்றமில்லை. இரண்டு ஊருக்கும் கலாச்சாரம் ஒன்றுதானே?

அதற்காகப் புதுச்சேரி தாராள மனசோடு இருந்தது என்று யாரும் கதை கட்டிவிட வேண்டாம். போலீஸ் கேட்காததையெல்லாம் வீடு கேட்கும்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பதை 377இலிருந்து விலக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. (ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பலவந்தம் செய்தால் போடுவதற்கு இருந்த பிரிவும் அதோடு போய்விட்டது. அந்த ஓட்டையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.) எனவே இனி இது போலீஸ் ஸ்டேஷன் சண்டை இல்லை. கோயில், பள்ளிவாசல், சர்ச், முக்கியமாக வீட்டுக் கூடம், இங்கேதான் சண்டை.

பாவமா இல்லையா என்று அவரவர் மதத்துக்குள் வாதாடட்டும், அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் ஆதாரம் என்று இரண்டு தரப்பும் இழுத்துப் போடுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

முதலில் ஆதரவாகப் பேசுகிறவர்கள். எடுத்த எடுப்பில் கூவாகம். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டுவது திருநங்கைகள். நம் மாவட்டத்துக் கொத்தட்டையிலும் புதுச்சேரிப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் உண்டு. திருநங்கை என்பது "நான் பெண்" என்ற உணர்வு. தன்பாலீர்ப்பு என்பது யார் மேல் மனசு போகிறது என்ற கேள்வி. ஆணாகவே இருந்து ஆணை விரும்பும் ஒருவனுக்குக் கூவாகத்தில் இடமிருப்பதாக அந்தச் சடங்கு எங்கேயும் சொல்லவில்லை. வேண்டுதலுக்காக அங்கே தாலி கட்டிக்கொள்ளும் கிராமத்து ஆண்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று தெரியும்.

அடுத்தது சிதம்பரம். நடராஜரின் ஒரு காதில் குழை, இன்னொரு காதில் தோடு. அது சிவமும் சக்தியும் பிரியாதிருப்பது. ஆணும் ஆணும் இல்லை. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர் "முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்" என்று ஒரு பெண்ணின் காதலாகத் தன் பக்தியைப் பாடியது பெரிய அழகு. அது அகத்திணை மரபு, அப்பரின் அந்தரங்கம் ஆகாது. வடலூர் வள்ளலாரையும் இரண்டு பக்கத்தாரும் பிடித்து இழுக்கிறார்கள். அவர் 1867இல் தருமசாலை திறந்தது பசிக்கு. அவரை விட்டுவிடுங்கள்.

எதிர்க்கிறவர்கள் காட்டும் ஆதாரத்துக்கு வருவோம்.

"சாஸ்திரம் தடுக்கிறது" என்கிறார்கள். மனுஸ்மிருதியை எடுத்தால் 11ஆம் அத்தியாயத்தில் ஒரு சுலோகம் ஆணோடு ஆண் சேர்வதைச் சாதியிழக்கும் குற்றங்களில் வைக்கிறது. அதே அத்தியாயத்தில் நூறு சுலோகம் தள்ளி, ஆணோடு சேர்ந்தவனும், மாட்டு வண்டியிலோ தண்ணீரிலோ பகலிலோ பெண்ணோடு சேர்ந்தவனும் உடுத்த துணியோடு குளித்தால் போதும் என்கிறது. பகலில் மனைவியோடு இருந்தவருக்கும் இவருக்கும் ஒரே முழுக்கு! ஆனால் 8ஆம் அத்தியாயத்துக்குப் போனால் சிரிப்பு அடங்கிவிடும். ஒரு கன்னியைக் கெடுத்தது இன்னொரு கன்னி என்றால் 200 பணம் அபராதம், இரட்டிப்புப் பரிசம், பத்து அடி. கெடுத்தவள் வயதுவந்த பெண் என்றால் தலையை மழித்து, அல்லது இரண்டு விரலை வெட்டி, கழுதை மேல் ஊர்வலம். ஆணுக்குக் குளியல், பெண்ணுக்கு விரல். ஏன் இந்த வித்தியாசம்? பரிசப் பணம் என்ற சொல்லே காட்டிக்கொடுக்கிறது. அங்கே பாதுகாக்கப்படுவது பெண்ணின் கல்யாணச் சந்தை மதிப்பு. இந்த இடத்தை மறக்காதீர்கள், திரும்ப வருவேன்.

சர்ச்சுகளில் அதிகம் வாசிக்கப்படுவது 1 கொரிந்தியர் 6:9. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தப் பட்டியலில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று அடுத்தடுத்து இரண்டு சொல் வரும். முதல் சொல்லுக்குக் கிரேக்க மூலம் 'மலகோய்', நேர்ப்பொருள் மென்மையானவர்கள். ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பு அதைப் பெண்தன்மை கொண்டவர்கள் என்றது, தமிழில் அது சுயஇன்பமாகிவிட்டது. இரண்டாவது சொல்லை உரக்க வாசித்து மேஜையைத் தட்டுகிற போதகர்கள் முதல் சொல்லை ஏன் முணுமுணுத்துத் தாண்டுகிறார்கள்? அதையும் அதே குரலில் வாசித்தால் வாலிபர் கூடுகையில் ஒருவரும் மிஞ்சமாட்டார்களே.

கத்தோலிக்கர்களுக்கு, அதாவது நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு, விஷயம் இன்னும் தெளிவு. திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரை மூன்றே பத்திகள். செயல் ஒழுங்கு தவறியது என்கிறது முதல் பத்தி. மனிதரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்கிறது இரண்டாவது. கற்போடு வாழ அழைக்கிறது மூன்றாவது. 2023 டிசம்பரில் வாடிகன், இப்படிப்பட்ட இணையருக்கு வழிபாட்டுச் சடங்கில்லாமல் ஆசி வழங்கலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஜனவரியில், பத்துப் பதினைந்து விநாடிச் சிறு ஜெபம்தான் என்று விளக்கம் கொடுத்தது. பிடிக்கிறதோ இல்லையோ, நிலைப்பாடு அதுதான். பெந்தெகொஸ்தே சபைகளில் இந்த இரண்டாவது பத்திக்கு ஈடாக எழுதிவைத்த ஒன்றைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

இஸ்லாத்தில் லூத் நபியின் சமூகம் பற்றிக் குர்ஆனின் 7, 26, 27, 29ஆம் அத்தியாயங்களில் வருகிறது, கண்டனம் ஐயமில்லாதது. ஆனால் இவ்வுலகில் நீதிமன்றம் இதற்கு என்ன தண்டனை தர வேண்டும் என்று லூத் சமூகம் பற்றிய வசனங்கள் சொல்வதில்லை. அதனால்தான் சட்ட அறிஞர்கள் பிரிந்தார்கள். நம் கடற்கரையில் ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபும் (சட்ட மரபும்) உண்டு. ஷாஃபி இதை விபச்சாரத்தின் கணக்கில் வைக்கிறது. இமாம் அபூ ஹனீஃபா அப்படி வைக்கவில்லை, நீதிபதியின் முடிவுக்கு விட்டார். விபச்சாரக் குற்றச்சாட்டு என்றால் நான்கு சாட்சி வேண்டும். கொண்டுவர முடியாமல் பழி சொன்னவனுக்கு 80 கசையடி (24:4). துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று 49:12 சொல்கிறது. பிள்ளையின் போனைப் பிடுங்கி வாட்ஸாப்பைத் திறந்து தெருவுக்கே ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் அந்த வசனத்தை வாசித்திருக்கிறார்களா?

இப்படி மூன்று மதமும் பாவத்தைப் பற்றி மூன்று விதமாகப் பேசுகின்றன. ஆனால் "இந்தப் பையனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவை, சரியாகிவிடுவான்" என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. மனு குளிக்கச் சொல்கிறது. மறைக்கல்வி கற்போடு இருக்கச் சொல்கிறது. இஸ்லாமிய நெறி தவ்பா, அதாவது மனம் திருந்தி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறது. கல்யாண மருந்து மட்டும் நம் ஊர்க் கைவைத்தியம். திருநீறு வீடு, சிலுவை வீடு, பிறை வீடு எல்லாவற்றிலும் ஒரே மருந்து, ஒரே வேளை.

உண்மையில் நம் ஊர் நம்பிக்கை மதத்திலிருந்து வருவதில்லை. பேருந்து நிலையம், கடற்கரைப் பக்கம் புழங்குகிறவர்களின் பேச்சில் 'கோத்தி', 'பந்தி' என்று இரண்டு சொல் உண்டு. கோத்தி பெண் சாயல் உள்ளவன். பந்தி மீசை முறுக்குகிறவன். பந்தி தன்னை ஒருநாளும் ஓரினச்சேர்க்கையாளன் என்று நினைப்பதில்லை. பெரும்பாலும் மனைவி, பிள்ளை உண்டு. ஊரும் அவனை எதுவும் கேட்காது. கேலியும் அடியும் கோத்திக்குத்தான். அப்படியானால் ஊர் கோபப்படுவது செயலுக்கா, நடைக்கா? பத்திரிகை அடித்து, விருந்து போட்டு, மொய் வாங்கிவிட்டால் அதன்பின் என்ன நடந்தாலும் ஊர் கண்ணை மூடிக்கொள்ளும். மனுவின் பரிசப் பணத்தைப் பற்றிச் சொன்னேனே, அது இதுதான்: அங்கே போலவே இங்கேயும் காப்பாற்றப்படுவது கல்யாணம்தான்.

பையன் முப்பதைத் தொட்டும் பிடிகொடுக்கவில்லை என்றால் ஜாதகத்தில் தோஷம் கண்டுபிடிப்பார்கள். திருமணஞ்சேரிக்கு ஒரு நடை. பிறகு ஒரு முகூர்த்த நாளில் திருவந்திபுரம் மலையில், பத்துப் பதினைந்து ஜோடிகளுக்கு நடுவே இடம் பிடித்துத் தாலி. ஆறாம் மாதம் "விசேஷம் உண்டா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்கத் தொடங்குவார்கள். கேள்வி எப்போதும் அவளைத்தான்.

இந்த இடத்தில்தான் பெண் வீட்டார் பெரிய தப்பு செய்கிறார்கள். இந்து திருமணச் சட்டம் 12ஆவது பிரிவில், மறைத்துவைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மோசடி தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் முழுச் சம்மதத்தோடு கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு நிற்காது. "கொஞ்சம் பொறு, ஒரு குழந்தை வந்தா மாறிடுவார்" என்று பெரியவர்கள் சமாதானம் பேசிப் பேசியே அந்த ஒரு வருஷம் ஓடிவிடும். அதன்பின் மிஞ்சுவது விவாகரத்து வழக்குதான்: கொடுமை போன்ற ஒரு காரணத்தை நிரூபிக்க வேண்டும், அல்லது இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எப்போது தெரிந்தது என்பதுதான் வழக்கின் உயிர். அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். கையில் இருக்கிற மெசேஜை அழிக்காதீர்கள், ஊருக்கும் அனுப்பாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100. புதுச்சேரி ரெனோன்சான் குடும்பம் (பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள்) என்றால் இந்து திருமணச் சட்டமே பொருந்தாது. வக்கீலிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

கத்தோலிக்கர்களுக்கு மறைமாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. திருச்சபைச் சட்டம் 1095, திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை ஏற்க உளவியல் காரணத்தால் இயலாதவரின் திருமணம் செல்லாது என்கிறது. அதாவது, எதை மருந்தென்று கொடுக்கிறார்களோ அது திருமணமே ஆகவில்லை என்று திருச்சபையே சொல்ல வாய்ப்பிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்து மறுமணம் செய்துவிடாதீர்கள். அரசு நீதிமன்றத்தில் அது செல்லாது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியாக வழக்குப் போட வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்திய கட்டம் 'குணப்படுத்துவது'. மந்திரிப்பு, உபவாச ஜெபம், தாயத்து, கடைசியில் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் அது நோய், அதற்கு மருந்து உண்டு. அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். பெற்றோருக்கும் அந்த நம்பர்தான்.

பெண்ணும் பெண்ணும் வீட்டை விட்டுப் போய்விட்டால் முதலில் வருவது "காணவில்லை" புகார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவு: இருவரும் வயதுவந்தவர்கள், விரும்பித்தான் போனார்கள் என்றால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். 2022இல் இப்படிப்பட்டவர்களைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியும் சேர்த்தார்கள். நடைமுறையில் எங்கே சிக்குகிறது தெரியுமா? வாக்குமூலம் வாங்க என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, பெற்றோரையும் அங்கேயே உட்காரவைப்பார்கள். அம்மா அழுவார், மாமா மிரட்டுவார், "வீட்டுக்குப் போய்ப் பேசிக்குங்க" என்று எஸ்ஐ கைகழுவுவார். வயதைக் காட்டும் அசல் சான்றிதழ் வீட்டுப் பீரோவில் மாட்டிக்கொண்டிருக்கும். கையில் நகலாவது இருக்க வேண்டும். வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்திட்டு, வக்கீலோடு போவது நல்லது.

அந்த 24-சி தமிழ்நாட்டுப் போலீசுக்கான விதி. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் போலீஸ் வேறு அரசின் போலீஸ். கடலூரில் புகார், பெண்கள் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகை வீட்டில் என்றால் இந்த விதியைக் காட்டி அங்கே பேச முடியாது. உயர் நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் ஆட்கொணர்வு மனு சென்னையில்தான் போட வேண்டும், வீடு எந்தப் பக்கம் இருந்தாலும்.