மாசியையும் நெய்யையும் கேளுங்கள்
பால், முட்டை, இறைச்சி தொடாதவர்களுக்கு இலங்கை மலையகத்தில் பெரிய ஹோட்டல்களை விட்டால் வழியில்லை என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகள் பாலை விட்டு இரண்டு வருடமாகிறது. ஹட்டன் டவுனில் சாதாரணக் கடைகளிலேயே இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, பிளேன்டீ என்று அவளுக்குக் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். கண்டிப் பக்கம் போனால் இலைக்கஞ்சி கிடைக்கும்: அரிசி, தேங்காய்ப்பால், வல்லாரைச் சாறு, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி. அவ்வளவு ருசி! உண்மையான சிக்கல் மாசிதான், அதாவது சூரை மீன் கருவாடு. சம்பலைக் கிளறினால் தேங்காய்ப்பூவுக்குள் பழுப்பாய் ஒரு சில்லு கிடக்கும். சில இடங்களில் பருப்பிலும் போடுவார்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர் சைவக் கடைக்குப் போனால் கவலையில்லை என்கிறார். அங்கே மாசி இராது, சரி, ஆனால் தோசையில் நெய் இருக்கலாம். சிங்களக் கடையென்றால் 'உம்பலகட' என்று மாசியின் பெயரைச் சொல்லியே, சாப்பாடு தட்டுக்கு வருமுன் கேட்டுவிடுங்கள்.